ஒரு வரைபடமும் மூன்று இதயங்களும்

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்றிசை நோக்கினால், வானத்தின் அடியில் நீண்ட நீலக் கோடு ஒன்று தோன்றும். அதுவே கல்வராயன் மலை. அது கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையின் பக்கமாகச் செல்லும் பாதை, வளைந்து வளைந்து மேலேறி வெள்ளிமலையை அடைகிறது. அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிடுவர்; காட்டிலே கடுக்காயும் புளியும் தேனும் சேகரிப்பர். உழைப்பே அவர்தம் செல்வம். ஏற்றமும் இறக்கமுமாகிய வழிகளில் சுமையோடு நடப்பது அவர்களுக்கு நாள்தோறும் உள்ள பணி.

அத்தகைய உழைப்பாளி ஒருவர் ஒருநாள் மலைச்சரிவில் நடந்து செல்கையில் திடீரெனக் கண் இருண்டு கீழே விழுகிறார் என்று கொள்வோம். சில நொடிகளில் தாமே எழுந்து அமர்கிறார். அருகில் இருப்போர், "பசி மயக்கம்" என்பர். வேறு சிலர், "வலிப்பு" என்பர். "வெயில் தலைக்கேறிவிட்டது" என்பாரும் உளர். அவருக்கு நீரோ மோரோ கொடுத்து வீட்டிற்கு அனுப்பிவிடுவர். பல வேளைகளில் அவர்கள் சொன்னது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் சில வேளைகளில், அந்த மயக்கம் இதயம் அனுப்பிய எச்சரிக்கை ஆகும். புளிய மரத்தின் உச்சிக் கிளையிலோ, தேனடை தொங்கும் பாறையின் விளிம்பிலோ அடுத்த மயக்கம் வருமாயின், அதன் விளைவு என்னாகும்? எனவே அந்த எச்சரிக்கையைப் படித்தறியும் கலையை நாம் சிறிது கற்றுக்கொள்ளுதல் நலம்.

நம் இதயம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை. இத்துடிப்பை ஏவுவது எது? இதயத்தின் வல மேலறையின் உச்சியிலே சைனஸ் கணு என்னும் சிறு திசுத் திரள் ஒன்று உண்டு. அங்கிருந்து மெல்லிய மின் துடிப்பு ஒன்று புறப்படுகிறது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே அமைந்த மற்றொரு கணுவை அடைந்து, அங்கே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தங்குகிறது. மேலறைகள் தம்மிடமுள்ள குருதியைக் கீழறைகளுக்குத் தள்ளி முடிப்பதற்காகவே இயற்கை இத்தாமதத்தை வைத்துள்ளது. பின்னர் அத்துடிப்பு ஹிஸ் கற்றை என்னும் வழியில் இறங்கி, வலக்கற்றை, இடக்கற்றை என இரண்டாகப் பிரிந்து, மிக நுண்ணிய இழைகளின் வழியே இரு கீழறைகளுக்கும் ஒரே நேரத்தில் சென்று சேர்கிறது. உடனே அவ்விரண்டும் ஒருசேரச் சுருங்கிக் குருதியை வெளியேற்றுகின்றன.

இவ்வழியை மனிதன் அறிந்துகொண்டது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. நுண்ணிய இழைகளை 1839-ஆம் ஆண்டில் புர்கின்யே என்னும் செக் நாட்டு அறிஞர் கண்டார். கற்றையை 1893-இல் வில்லெம் ஹிஸ் கண்டார். நடுக்கணுவை 1906-இல் ஜப்பானியராகிய சுனாவோ தவாரா விளக்கினார். துடிப்பு தொடங்கும் சைனஸ் கணுவை 1907-இல் பிரிட்டன் நாட்டினராகிய கீத், பிளாக் என்னும் இருவர் கண்டறிந்தனர். ஆற்றின் கழிமுகத்திலிருந்து புறப்பட்டு அதன் ஊற்றைத் தேடிச் சென்றவர்போல, அறிஞர்கள் வழியின் முடிவிலே தொடங்கி அதன் தலைப்பை அடைந்தனர்.

கண்ணுக்குப் புலப்படாத இம்மின் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டிய பெருமை, நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் வாழ்ந்த எய்ந்தோவன் என்னும் அறிஞரைச் சாரும். அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கருவி மிகப் பெரியது. அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தனர். நோயாளிகளை அக்கருவி இருந்த ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவருதல் அரிதாக இருந்தது. எனவே அவர் 1905-ஆம் ஆண்டில், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பியின் வழியாகவே நோயாளியின் இதயத் துடிப்பைத் தம் கூடத்திற்கு வரவழைத்து வரைந்தார்! 1924-ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இன்று அக்கருவி கையில் எடுத்துச் செல்லும் அளவிற்குச் சுருங்கிவிட்டது. மக்கள் ஈ.சி.ஜி. என வழங்கும் மின்னிதய வரைபடத்தை மலையூரிலே எடுத்து, நகரத்து மருத்துவருக்குக் கைப்பேசியின் வழியே நொடிப்பொழுதில் அனுப்ப இயல்கிறது. நோயாளி தொலைவில் இருக்க, அவர் இதயத்தின் செய்தி மட்டும் பயணம் செய்யலாம் என்று எய்ந்தோவன் அன்று கண்ட நெறி, சாலை அரிதாகிய மலைநாட்டிற்கு இன்று பெருந்துணையாகிறது.

இனி, அந்த மின்வழியில் தடை நேர்ந்தால் யாதாகும் என்று பார்ப்போம். மலைமேல் உள்ள ஓர் ஊரிலிருந்து அடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் ஒரு செய்தி செல்ல வேண்டும். அதற்கு வலப்புறம் ஒரு சாலை, இடப்புறம் ஒரு சாலை. மழைக்காலத்தில் இடப்புறச் சாலையில் மண் சரிந்துவிட்டது. அப்போதும் செய்தி நின்றுவிடுவதில்லை. வலப்புறச் சாலையில் இறங்கி, அங்கிருந்து காட்டுத் தடங்களின் வழியே இடப்புறத்து ஊர்களைச் சென்று சேரும். ஆனால் காலம் தாழ்ந்து சேரும். இதயத்தில் இடக்கற்றை தடைப்படும்போது நிகழ்வதும் இதுவே. வலக் கீழறை முன்னே சுருங்க, இடக் கீழறை பின்னே சுருங்கும். வரைபடத்தில், கீழறைகளின் சுருக்கத்தைக் காட்டும் கூர்மையான கோடு அகன்று தோன்றும்; ஒரு நொடியை நூறு கூறாக்கினால் பன்னிரண்டு கூறுக்கு மேலும் அது நீளும்.

இத்தாமதத்தால் வரும் கேட்டினை அறிய, கள்ளக்குறிச்சிப் பகுதியில் கரும்பு ஏற்றிச் செல்லும் இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு மாடுகளும் ஒரே அடியெடுத்து நடந்தால் பாரம் இலேசாக நகரும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இழுத்தாலோ, நுகத்தடி கோணும். வண்டி இருபுறமும் அலையும். நாளடைவில் அச்சும் சக்கரமும் தேயும். அதுபோலவே, இரு சுவர்களும் ஒருங்கு சுருங்காத இதயம் தன் வலிமையின் ஒரு பகுதியை வீணே இழக்கிறது. சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல அது விரிந்து தளர்ந்தும் போகிறது.

சிலருக்கு என்று சொன்னோம், எல்லாருக்கும் அன்று. இங்கேதான் மருத்துவர்க்கு ஓர் அரிய வினா எழுகிறது. இடக்கற்றைத் தடை உடையோருள் யாருக்குத் தீங்கு வரும்? யார் அஞ்ச வேண்டுவதில்லை?

மாணவர்களே, மூவரை உங்கள் மனத்தில் அமைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் கற்பனை மாந்தரே. எனினும் இவர்களைப் போன்றோரை மருத்துவமனைகளில் நாள்தோறும் காணலாம். முதலாமவர் வெள்ளிமலைக்கு அருகே சாமை பயிரிடும் முதியவர். இரண்டாமவர் அவருடைய பக்கத்து நிலத்துக்காரர், வயதில் இளையவர். மூன்றாமவர் சங்கராபுரத்துப் பக்கத்தில் கரும்பு வெட்டும் வேலை செய்யும் பெண்மணி. மூவருக்கும் எடுத்த மின்னிதய வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வேறுபாடு காண்பது அரிது. மூன்றிலும் அதே அகன்ற கோடு. அதே இடக்கற்றைத் தடை. ஆனால் மூவரின் வருங்காலம் ஒன்றாக இருக்கப் போவதில்லை. மின்னோட்டத்தைக் காட்டும் வரைபடம், அம்மின்னோட்டம் ஓடும் தசையின் நிலையை முழுதும் காட்டுவதில்லை. கடிதத்தின் உறையைப் பார்த்தோம். உள்ளே எழுதியிருப்பதை இன்னும் படிக்கவில்லை. அதைப் படிக்க இதயத்தையே கண்ணால் காண வேண்டும்.

நெஞ்சைப் பிளவாமல் இதயத்தைக் காணும் வழி 1953-ஆம் ஆண்டில் பிறந்தது. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரிலே எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியல் அறிஞரும் நண்பராயினர். கப்பல் கட்டுவோர் இரும்புத் தகட்டினுள் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டறிய, செவிக்கெட்டாத நுண்ணொலியைச் செலுத்தி அதன் எதிரொலியை ஆராய்வது அக்கால வழக்கம். இரும்பின் குறையைக் காட்டும் ஒலி இதயத்தின் குறையையும் காட்டாதோ என்று அவ்விருவரும் எண்ணினர். கப்பல் தளத்திலிருந்த கருவியை இரவலாகப் பெற்று முயன்றனர்; பின்னர் அத்தகைய கருவி ஒன்றைக் கொண்டே இதயச் சுவரின் அசைவைப் பதிவு செய்தனர். அம்முயற்சியின் வழித்தோன்றலே இன்று நாம் எக்கோ என்று அழைக்கும் எதிரொலிப் படம். வௌவால் தன் ஒலியின் எதிரொலியைக் கொண்டு இருளில் வழி காண்பதுபோல, மருத்துவர் நெஞ்சின்மேல் சிறு கருவியை வைத்து, இதயத்தின் அறைகளையும் கதவுகளையும் சுவர்களையும் திரையிலே காண்கிறார். இதில் வலியில்லை, ஊறு விளைக்கும் கதிரும் இல்லை.

எக்கோ தரும் செய்திகளுள் தலையாயது ஒன்றுண்டு. இடக் கீழறையில் நிரம்பிய குருதியில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்னும் கணக்கே அது. 120 மில்லிலிட்டர் நிரம்பி, அதில் 70 மில்லிலிட்டர் வெளியேறினால், வெளியேற்று அளவு ஏறத்தாழ 58 விழுக்காடு. நலமுள்ள இதயம் பாதிக்கு மேல் வெளியேற்றும். அவ்வளவு 35 விழுக்காடும் அதற்குக் கீழும் ஆயின், இதயம் மிகத் தளர்ந்தது என்பர் மருத்துவர். அத்தகையோருக்குக் கீழறையிலிருந்து தாறுமாறான துடிப்பு எழுந்து, திடீரென உயிர் போகும் அச்சமும் மிகுதி.

நம் கதைமாந்தர் மூவருக்கும் எக்கோ எடுக்கப்பட்டது எனக் கொள்வோம். முதியவரின் இதயம் 58 விழுக்காடு வெளியேற்றுகிறது, அறைகள் விரியவில்லை, கதவுகள் செம்மையாக உள்ளன. அவருக்கு இப்போது கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் வந்து காட்டுதலும், மயக்கம் வந்தால் உடனே வருதலும் போதும். மற்ற இருவரின் இதயமோ 30 விழுக்காடே வெளியேற்றுகிறது. ஒரே வரைபடம் கொண்ட மூவருள் ஒருவரை எக்கோ பிரித்துக் காட்டிவிட்டது.

அப்போது இளையவர், "அம்மா, அவருக்கும் எனக்கும் ஏட்டிலே ஒரே கோடுதானே இருக்கிறது? அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்திக்கொண்டீர்களே, ஏன்?" என்று மருத்துவரை வினவுகிறார். மருத்துவர், "ஐயா, ஒரே மழை இரண்டு கரைகளின் மேலும் பெய்கிறது. ஒரு கரை உறுதியாக நிற்கிறது. மற்றொன்று உள்ளே அரித்திருக்கிறது. மழையை மட்டும் பார்த்தால் எது உடையும் என்று தெரியுமா? கரையை அல்லவா பார்க்க வேண்டும்?" என்று விடை கூறுகிறார். நிலத்தோடு வாழும் இளையவருக்கு அது உடனே விளங்கிவிடுகிறது.

எஞ்சிய இருவரின் நிலை ஒன்றுதானா? முதலில் குருதிக் குழாய் அடைப்பு உண்டா என மருத்துவர் ஆராய்வார். இருந்தால் அதற்குரிய மருத்துவம் வேறு. அடைப்பு இல்லை எனத் தெளிந்தபின், தளர்ந்த இதயத்திற்கு உரிய மாத்திரைகளைச் சில திங்கள் கொடுத்துப் பார்ப்பார். அதன்பின்னும் தேறாவிடின், எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் துணைக்கு வருகிறது. வலிய காந்தப் புலத்தையும் வானொலி அலையையும் கொண்டு உடலின் உட்பகுதியைப் படமாக்கும் இக்கலையை வளர்த்த லாட்டர்பர், மான்ஸ்பீல்டு என்னும் இருவர் 2003-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

இதயத்தைக் காந்தப் படம் எடுக்கும்போது, காடோலினியம் என்னும் தனிமம் கலந்த மருந்தை நரம்பிலே செலுத்துவர். நலமுள்ள தசையிலிருந்து அது விரைவில் வெளியேறிவிடும். தசை அழிந்து வடுவாகிப்போன இடத்திலோ அது நெடுநேரம் தங்கிவிடும். சில நிமிடங்கள் கழித்து எடுக்கும் படத்தில், நலமுள்ள தசை கருமையாகவும் வடு வெண்மையாகவும் தோன்றும். வயலிலே நீர் பாய்ச்சியபின், நல்ல மண்ணில் நீர் வடிந்துபோக, களர் நிலத்தில் மட்டும் அது தேங்கி நிற்பதைப் போன்றது இது. இவ்வடு வெறும் அடையாளம் அன்று. அதன் ஓரங்களில் மின் துடிப்பு நேர்வழியில் செல்ல இயலாமல் சுற்றிச் சுழன்று, கீழறைகளைத் தாறுமாறாகத் துடிக்கச் செய்யும். திடீர் மரணத்தின் விதை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

படத்தில் இளையவரின் இதயச் சுவரிலே பரந்த வடு வெண்மையாகத் தெரிகிறது. கரும்பு வெட்டும் பெண்மணியின் இதயத்திலோ வடு ஏறக்குறைய இல்லை. அவருடைய தசை அழியவில்லை. நுகத்தில் ஒத்து நடவாத மாடுகளால் களைத்தது மட்டுமே. இவ்வாறு, எக்கோவும் பிரிக்க இயலாத இருவரைக் காந்தப் படம் பிரித்துக் காட்டுகிறது.

இங்ஙனம் வடுவை அளந்து மருத்துவத்தை வகுக்கும் முயற்சி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது என்பது நாம் மகிழ்தற்குரியது. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர் ஷண்முக சுந்தரம் பொன்னுசாமியும் அவருடன் உழைத்தோரும் செய்த அவ்வாய்வு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆங்கிலத்தில் அமைந்த அதன் நீண்ட பெயரின் எழுத்துகளைச் சேர்த்து, அதற்கு 'மதுரை' ஆய்வு என்றே பெயர் வழங்கினர். தளர்ந்த இதயமும் இடக்கற்றைத் தடையும் உடையோருக்கு அவர்கள் காந்தப் படம் எடுத்து, வடுவின் அளவைக் கணித்தனர். வடு 10 விழுக்காட்டிற்குக் குறைந்தோருக்குத் துடிப்பை ஒழுங்கு செய்யும் கருவி மட்டும். அதற்கு மேற்பட்டோருக்கு அதனோடு, தாறுமாறான துடிப்பு எழும்போது அதிர்வு தந்து உயிர் மீட்கும் கருவியும் என வகுத்துக்கொண்டனர்.

அவர்கள் கையாண்ட துடிப்பு முறையையும் சிறிது அறிதல் வேண்டும். பேஸ்மேக்கர் என்னும் இதயத் துடிப்புக் கருவி மனித உடலுக்குள் முதன்முதல் பொருத்தப்பட்டது 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஸ்வீடன் நாட்டிலே. அதனைப் பெற்ற ஆர்னே லார்சன் என்பவர் அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, தமக்குப் பொருத்திய மருத்துவரினும் நீண்ட வாழ்நாள் பெற்றார். ஆயின் பழைய முறையில் கருவியின் கம்பி வலக் கீழறையின் அடியில் நிற்கும். அங்கிருந்து எழும் துடிப்பு இயற்கை வழியில் செல்வதில்லை. 2017-ஆம் ஆண்டில் சீன நாட்டு மருத்துவர் வெய்ஜியன் ஹுவாங்கும் அவர் குழுவினரும் புதுவழி ஒன்றை வெளியிட்டனர். கம்பியை இரு கீழறைகளுக்கும் இடையேயுள்ள சுவரின் ஊடே செலுத்தி, தடைக்கு அப்பால் உள்ள இடக்கற்றையையே தொடுவது அம்முறை. சரிந்த மண்ணுக்கு அப்பால் இறங்கி, பழைய சாலையிலேயே மீண்டும் பயணம் தொடர்வதைப் போன்றது இது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து இத்துறையை வளர்த்தோருள் புகழேந்தி விஜயராமன் என்னும் மருத்துவரும் ஒருவர்; அவரும் மதுரை மருத்துவரும் இணைந்து பல கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர்.

இவ்வாய்வின் பயனை ஏழையின் வீட்டுத் திண்ணையிலிருந்து நோக்க வேண்டும். தளர்ந்த இதயத்தை ஒத்தியங்கச் செய்து, அதிர்வு தந்தும் காக்கும் பழைய முறைக்கு வழக்கமாக மூன்று கம்பிகள் வேண்டும். அக்கருவியின் விலை, எளிய துடிப்புக் கருவியின் விலையினும் பன்மடங்கு. கருவியின் மின்கலம் தீரும்போதெல்லாம் அச்செலவு மீண்டும் வரும். தேவையற்ற நேரத்தில் அதிர்வு தாக்கும் துன்பமும் சிலருக்கு நேரும். எனவே தேவையில்லாதவருக்கு அதனைப் பொருத்துவதும் தவறு. தேவையானவருக்குப் பொருத்தாமல் விடுவதும் தவறு. அவ்விரு தவறுகளுக்கும் இடையே நேரிய வழியைக் காட்டுவதே படத்தின் பணி. நம் கதையிலே, பெண்மணிக்கு இடக்கற்றையைத் தொடும் துடிப்புக் கருவி போதும் என மருத்துவர் தெளியலாம். இளையவருக்கோ காக்கும் கருவியும் வேண்டும் எனத் துணியலாம். முதியவருக்குக் கருவியே வேண்டா. ஒரே வரைபடம்; மூன்று இதயங்கள்; மூன்று வழிகள்.

எனினும் ஓர் ஊரில் ஒரு சிலரிடம் செய்த ஆய்வு உடனே உலகிற்கெல்லாம் சட்டம் ஆகிவிடாது. பல ஊர்களிலும் பல மக்களிடமும் நெடுநாள் சோதித்த பின்னரே ஒரு முறை உறுதி பெறும். மேலும், இடர் மிகுதி என்று மருத்துவர் கூறுவது சோதிடம் அன்று. கார்மேகம் கல்வராயன் மலைமேல் திரண்டால், கோமுகி ஆற்றங்கரையில் உள்ளோரை விலகி இருக்குமாறு எச்சரிக்கின்றனர். வெள்ளம் வாராமலும் போகலாம். அதனால் எச்சரிக்கை பொய்யாகிவிடுமா? வரக்கூடியதை அறிந்து காப்பைத் தேடுவதே அறிவுடைமை.

தடை கற்றையில் மட்டுமன்றி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலேயே முழுமையாக ஏற்படுவதும் உண்டு. அப்போது கீழறைகள் தம் விருப்பப்படி நிமிடத்திற்கு 20 முதல் 40 முறையே துடிக்கக்கூடும். அடிக்கடி மயக்கம் வருவது இத்தகையோருக்கே. இவர்களுக்குத் துடிப்புக் கருவி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அங்கும் படம் வேண்டுமோ எனில், வேண்டும். இத்தடை முதியோர்க்கு வருவது இயல்பு. இளமையிலேயே காரணம் தெரியாமல் வந்தால், சார்க்காய்டு என்னும் அழற்சி நோயோ, நம் நாட்டில் காசநோயோ இதயத் தசையில் புகுந்திருக்கக்கூடும். காந்தப் படமும், அழற்சி உள்ள இடத்தை ஒளிரச் செய்யும் பெட் ஸ்கேனும் அதனைக் காட்டித் தரும். மூலநோய்க்கு மருந்தும் தொடங்கலாம். மேலும், 2013-ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, இத்தடையோடு இதயத் தளர்ச்சியும் உடையோருக்கு வலக் கீழறையை மட்டும் துடிக்கச் செய்வதினும், இரு கீழறைகளையும் ஒருங்கே துடிக்கச் செய்வது நன்று எனக் காட்டிற்று. ஆகவே கம்பியை எங்கே பொருத்துவது என முடிவு செய்யுமுன் எக்கோ எடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. பழைய கருவிகள் சில வலிய காந்தத்திற்கு ஒவ்வா. கருவி உள்ளே இருந்தால் படமும் மங்கும். ஆதலால் காந்தப் படம் வேண்டுமெனின் அதனைக் கருவி பொருத்துமுன் எடுப்பதே எளிது.

திருவள்ளுவர் தம் நூலில் மருந்து என்றே ஓர் அதிகாரம் வகுத்து, நோயோடு அதன் மூலத்தையும் ஆராய வேண்டுமென அறிவுறுத்தினார். படம் என்பது அவ்வாராய்ச்சிக்கு இக்காலம் தந்த கண்ணாகும். ஆனால் அக்கண் திறப்பதற்கு நோயாளி முதலில் மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று; சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறந்து வைக்கப்பட்டது. முன்னாளில் நெடுந்தொலைவு சென்று தேடிய உதவி, இன்று அணுகி வந்துள்ளது. அதனைப் பயன்படுத்தும் அறிவு ஊர்தோறும் பரவ வேண்டும். அப்பணியில் மாணவர்களாகிய உங்களுக்கும் பங்குண்டு.

நீங்கள் செய்யத்தக்கவை மிக எளியவை. உங்கள் வீட்டுப் பெரியோரின் மணிக்கட்டில், கட்டைவிரலின் பக்கமாக இருவிரல் வைத்து, ஒரு நிமிடம் முழுதும் நாடியை எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போது அது 60-க்கும் 100-க்கும் இடையே இருத்தல் இயல்பு. 40-க்கும் குறைந்து, தலைச்சுற்றலும் களைப்பும் இருந்தால் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மயங்கி விழுந்தவரை உட்கார வைக்காமல் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். வாயில் நீர் ஊற்றாதீர்கள். "பசி மயக்கம்" என்று தாமே முடிவு கட்டாமல், ஒருமுறையேனும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். உணர்வும் இன்றி மூச்சும் இன்றிக் கிடப்பவருக்கு, 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தி அழுத்தி விடுவித்தால், உதவி வரும்வரை உயிர் தங்கக்கூடும்.

மாலைப் பொழுதில் கல்வராயன் மலையிலிருந்து சுமையோடு இறங்கி வருவோரைப் பாருங்கள். ஒரே தடத்தில், ஒரே சுமையோடு, ஒருவர் பின் ஒருவராக வருகின்றனர். புறத்தே நோக்கினால் அனைவரும் ஒரே தன்மையர். அவர்தம் நெஞ்சுக்குள் இருக்கும் இதயங்களோ ஒவ்வொன்றும் தனித்தனிக் கதை உடையன. அக்கதையைக் காலத்தில் படித்தறிந்தால், விழ இருந்தவர் நிமிர்ந்து வீடு சேர்வார்.

பயிற்சி

1. இதயத்தின் மின் துடிப்பு செல்லும் வழியை முறையாக எழுதுக.
2. இடக்கற்றைத் தடைக்கு ஆசிரியர் கூறும் சாலை உவமையையும் மாட்டு வண்டி உவமையையும் விளக்குக. ஒவ்வோர் உவமையும் எதனை உணர்த்துகிறது?
3. மூவரின் மின்னிதய வரைபடங்களும் ஒத்திருந்தும் மருத்துவம் வேறுபட்டது ஏன்?
4. காந்தப் படத்தில் வடு வெண்மையாகத் தோன்றுவதன் காரணம் யாது? அவ்வடுவால் வரும் இடர் என்ன?
5. "இடர் மிகுதி என்று மருத்துவர் கூறுவது சோதிடம் அன்று" — இக்கூற்றை உங்கள் ஊர் அனுபவம் ஒன்றைக் கொண்டு விளக்குக.
6. உங்கள் வீட்டார் அனைவரின் நாடியையும் எண்ணி ஓர் அட்டவணையில் குறித்து வருக.